புரட்சிக்குப் போன பிள்ளைகளும் செய்தி கேட்ட வீடுகளும்

1967 மே மாதம் மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்து நக்சல்பாரியில் நிலவுடைமையாளருக்கு எதிராகக் குத்தகை விவசாயிகள் எழுந்தபோது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். கிராமத்து எழுச்சியைச் சில மாதங்களில் அடக்கிவிட முடிந்தது. கல்கத்தாவின் கல்லூரிகளுக்குள் அது மூட்டிய நெருப்பை அவ்வளவு விரைவில் அணைக்க முடியவில்லை. 1969 ஏப்ரலில் சாரு மஜூம்தாரைத் தலைவராகக் கொண்டு இந்திய கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிய-லெனினிய) உருவானது. தமிழ்நாட்டு அரசியல் பேச்சில் மா.லெ. என்று சுருக்கமாக வழங்கப்படும் இயக்கத்தின் தொடக்கம் அதுவே. பிரசிடென்சி கல்லூரி போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் மாணவர்கள் பட்டப்படிப்பைக் கைவிட்டு, உழவர்களோடு வாழ்ந்து அவர்களை அணிதிரட்டக் கிராமங்களுக்குப் போனார்கள். நிலப்பிரபுக்களையும் கந்துவட்டிக்காரர்களையும் சிறு இரகசியக் குழுக்கள் கொல்வதே புரட்சியின் தொடக்கம் என்ற ‘அழித்தொழிப்பு’ வழியைக் கட்சி ஏற்றது. அதன் பெயரால் நடந்த கொலைகளுக்குக் காவல்துறை நகரத்துச் சந்துகளில் இளைஞர்களைச் சுட்டுத் தள்ளிப் பதில் சொன்னது. 1972 ஜூலை 28 அன்று சாரு மஜூம்தார் காவலில் இறந்தபோது, வங்கத்தின் ஒரு தலைமுறை சிறையிலோ சவக்கிடங்கிலோ தலைமறைவிலோ இருந்தது.

இந்தக் காலத்தைத் திரையில் பதிவு செய்த படங்களை ஒருசேர நினைத்துப் பார்க்கும்போது ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. அவற்றுள் ஆகச் சிறந்தவற்றில், துப்பாக்கி ஏந்திய இளைஞன் கதையின் நடுவில் நிற்பது அரிது. அவனுடைய அண்ணன், தந்தை, தாய், அவனை வழியில் சந்திக்கும் முதியவர் ஆகியோரின் முகங்களின் மீதே கேமரா நிலைத்திருக்கிறது. அவன் என்ன செய்தான் என்ற கேள்வியை விட, அவனைப் பற்றிய செய்தி வீட்டுக்கு எப்படி வந்தது, வந்தபின் அந்த வீடு என்ன ஆனது என்ற கேள்விகளையே அப்படங்கள் விடாமல் கேட்கின்றன. இது இயக்குநர்களின் அரசியல் தயக்கம் என்று அக்காலத்தில் குற்றம் சாட்டப்பட்டது. தயக்கம் என்று அதைச் சொல்வது நியாயமாகாது. ஓர் இலட்சியத்தின் எடை எவ்வளவு என்பதை, அதைத் தூக்கிச் சென்றவன் போன பிறகு அதைச் சுமக்க நேர்ந்தவர்களிடம் கேட்டால்தான் முழுமையாகத் தெரியவரும் என்பதை அக்கலைஞர்கள் உணர்ந்திருந்தார்கள்.

எண்பதுகளில் சென்னையின் திரைப்படச் சங்கங்களில், அதாவது வணிகத் திரையரங்குகளுக்கு வராத படங்களை உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டிய அமைப்புகளில், இப்படங்களைப் பார்த்த இளைஞர்களுள் இக்கட்டுரையாளரும் ஒருவர். வாடகைக்கு எடுத்த சிறு அரங்குகளில், 16 மி.மீ. படச்சுருள்களில், ஆங்கிலத் துணைத்தலைப்புகளின் உதவியோடு, வங்க மொழி அறியாத பார்வையாளர்கள் அவற்றைப் பார்த்தார்கள். சுருள் மாற்றும் இடைவெளியில் விளக்கு எரியும்போது பின்வரிசையில் நடுவயதுத் தோழர்கள் சிலர் அமர்ந்திருப்பது தெரியும்; சிறை சென்று மீண்டவர்கள் என்று அவர்களைப் பற்றி மற்றவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். படம் முடிந்தபின் தேநீர்க் கடையில் நள்ளிரவு வரை நீண்ட வாதங்களில் திருத்தல்வாதம், சுயவிமர்சனம், குட்டி முதலாளித்துவ ஊசலாட்டம் ஆகிய சொற்கள் தாராளமாகப் புழங்கின. தருமபுரி, வட ஆர்க்காடு மாவட்டங்களில் 1980 முதல் நடந்த காவல்துறை நடவடிக்கைகளில் கொல்லப்பட்ட இளைஞர்களின் நினைவு அப்போது பழையதாகியிருக்கவில்லை. ஆகவே, கல்கத்தாவின் தெருவில் விழுந்த உடலைத் திரையில் பார்த்தவர்களுக்கு அது வேற்றூர்க் கதையாகத் தோன்றவில்லை.

சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’ 1970இல், வன்முறை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த நாள்களிலேயே வெளிவந்தது. சுனில் கங்கோபாத்யாயின் நாவலைத் தழுவிய இப்படத்தில், தந்தையின் மரணத்தால் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்ட சித்தார்த்தன் வேலை தேடி அலைகிறான். கடந்த பத்தாண்டுகளின் மிக முக்கியமான நிகழ்ச்சி எது என்று நேர்முகத் தேர்வில் கேட்கப்படும்போது, நிலவில் மனிதன் இறங்கியதைச் சொல்லாமல் வியட்நாம் போரைச் சொல்கிறான். நிலவுப் பயணம் எதிர்பார்க்கக்கூடியதாக இருந்தது, ஆனால் எளிய மக்கள் அத்தகைய மனவுறுதியோடு எதிர்த்து நிற்பார்கள் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று விளக்குகிறான். நீ கம்யூனிஸ்டா என்பதே அடுத்த கேள்வி. வேலை கிடைக்கவில்லை. அவனுடைய தம்பி டுனுவோ இயக்கத்தில் சேர்ந்துவிட்டவன், ஐயமற்றவன், வீட்டில் அதிகம் பேசாதவன். ராய் பின்னாளில் அளித்த நேர்காணல் ஒன்றில், அண்ணன் தம்பியின் துணிவை மதிக்கிறான் என்பதில் படத்துக்குக் குழப்பமில்லை என்றும், ஒரு கலைஞராகத் தமக்கு உறுதிகொண்ட தம்பியைக் காட்டிலும் ஊசலாடும் அண்ணனே ஈர்ப்புக்குரியவனாக இருந்தான் என்றும் விளக்கினார்.

அந்த விளக்கம் பலருக்கு ஏமாற்றமளித்தது, இன்றும் அளிக்கக்கூடும். ஆனால், படத்தின் இறுதி நேர்முகத் தேர்வுக் காட்சி அதற்கு வலுவான ஆதாரமாக நிற்கிறது. வெக்கையில், போதிய நாற்காலிகள்கூட இல்லாத தாழ்வாரத்தில், ஓர் இளைஞன் மயங்கி விழும்வரை நிறுத்திவைக்கப்பட்ட கூட்டத்திலிருந்து சித்தார்த்தன் அதிகாரிகளின் அறைக்குள் பாய்ந்து மேசையைக் கவிழ்க்கிறான். கட்சியும் கோட்பாடும் இன்றி, அடிப்படை மரியாதை மறுக்கப்பட்டதால் மட்டுமே எழுந்த அந்தச் சினத்தில்தான் தம்பி சென்ற பாதையின் தொடக்கம் இருக்கிறது என்பதை ராய் ஒரு சொல்கூடப் பேசவைக்காமல் காட்டிவிடுகிறார்.

சித்தார்த்தனாக நடித்த திருதிமான் சட்டர்ஜியே மூன்றாண்டுகள் கழித்து மிருணாள் சென்னின் ‘பதாதிக்’ படத்தில் இயக்கத்து இளைஞன் சுமித்தாக வருகிறார். ஒரே நடிகரின் முகத்தில் அண்ணன் தம்பியாகிவிட்டதைப் போன்ற உணர்வை இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் அடைந்தார்கள். காவல்துறை வாகனத்திலிருந்து தப்பும் சுமித், கணவரைப் பிரிந்து தனியாக வாழும் ஒரு பெண்ணின் வசதியான அடுக்குமாடி வீட்டில் ஒளிந்திருக்குமாறு கட்சியால் பணிக்கப்படுகிறான். தலைமறைவு வாழ்வு என்பது சுவர்களுக்குள் கழியும் முடிவற்ற நாள்கள் என்பதையும், செயலிலிருந்து துண்டிக்கப்பட்ட மனம் தன் தலைமையின் முடிவுகளைக் கேள்வி கேட்கத் தொடங்கும் என்பதையும் சென் துல்லியமாகக் காட்டினார். சுமித் எழுப்பும் ஐயங்களைக் கட்சி விரும்பவில்லை. படம் வெளிவந்தபோது இடதுசாரிகளிடையே எழுந்த வாதமும் இதைப் பற்றியதே: களத்தில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது இயக்கத்தின் குறைகளைத் திரையில் பேசலாமா? சென்னையின் தேநீர்க் கடையிலும் இதே கேள்விதான் ஆண்டுகள் கழித்து மீண்டும் மீண்டும் எழுந்தது. பேசலாம் என்பதோடு நிற்காமல், அப்போதே பேசியாகவேண்டும் என்று சென் கருதியதில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது. தோற்று முடிந்தபின் குறை சொல்வது எவருக்கும் எளிது.

ஆனால், அந்த வாதங்களில் யாரும் அதிகம் பேசாத ஒரு காட்சி படத்தின் இறுதியில் இருக்கிறது. தாய் இறந்த செய்தி அறிந்து சுமித் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் வீட்டுக்கு வருகிறான். மகனுடைய அரசியலை ஏற்காதவராகவே அதுவரை தோன்றிய தந்தை, காவல்துறை வருவதற்குள் அவன் மீண்டும் ஓடியாகவேண்டிய அந்தச் சில நொடிகளில், வேலைநிறுத்தத்தில் பங்கேற்கமாட்டேன் என்று தம்மிடம் கேட்கப்பட்ட உறுதிமொழித் தாளில் தாம் கையெழுத்திடவில்லை என்பதை மகனிடம் தெரிவித்து, துணிவோடு இருக்கச் சொல்லி அனுப்புகிறார். மகன் தந்தைக்குக் கணக்குச் சொல்லவேண்டிய இடத்தில் தந்தை மகனுக்குக் கணக்குச் சொல்கிறார். இளைஞர்களின் இலட்சியம் ஒரு முதியவரின் அலுவலக மேசை வரை எட்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றைப் படம் வேறெங்கும் தரவில்லை.

அத்தந்தையாக நடித்தவர் பிஜோன் பட்டாச்சார்யா. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைப் பற்றி ‘நபான்னா’ என்ற நாடகத்தை எழுதி, கலையை மக்களிடம் கொண்டுசெல்ல உருவான இந்திய மக்கள் நாடக மன்றத்தின் வழியே மேடையேற்றிய முந்தைய தலைமுறைக் கம்யூனிஸ்ட் கலைஞர் அவர். எழுத்தாளர் மகாசுவேதா தேவி ஒருகாலத்தில் அவருடைய மனைவியாக இருந்தார். இருவரும் பிரிந்து பல ஆண்டுகள் ஆனபின், ‘பதாதிக்’ வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு, 1974இல், மகாசுவேதாவின் ‘ஹாஜார் சுராஷிர் மா’ என்ற நாவல் நூலாக வெளிவந்தது. மகனுக்குத் துணிவு சொல்லும் தந்தையின் முகமும், மகனின் பிணத்தை அடையாளம் காட்டும் தாயின் கதையும் ஒருகாலத்தில் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இருவரிடமிருந்து வந்தவை என்பதை நினைக்காமல் இவ்விரு படைப்புகளையும் கடந்து செல்ல இயலவில்லை.

அந்த நாவலைக் கோவிந்த் நிஹலானி 1998இல் இந்தியில் ‘ஹஜார் சௌராசி கி மா’ என்ற படமாக எடுத்தார். சவக்கிடங்கிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு வங்கி ஊழியரான சுஜாதாவுக்கு மகன் பிரதியை 1084ஆம் எண்ணிட்ட உடலாகக் காட்டுகிறது. கணவருக்கோ, குடும்பத்தின் பெயர் செய்தித்தாளில் வந்துவிடக்கூடாது என்பதே முதற்கவலை. அதன்பின் சுஜாதா, மகனோடு கொல்லப்பட்ட ஏழைத் தோழன் சோமுவின் தாயையும், காவலில் வதைக்கப்பட்டு மீண்ட நந்தினியையும் தேடிச் சென்று, தன் வீட்டிலேயே வளர்ந்த மகனை முதல்முறையாக அறியத் தொடங்குகிறாள். சுஜாதாவாக நடித்த ஜெயா பச்சனின் முகத்தில் அழுகையை விடக் கூச்சமே மிகுதியாகத் தெரிகிறது. சோமுவின் குடிசையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கும் வசதி படைத்த பெண்ணின் கூச்சம் அது. பிரதி விரும்பிய வர்க்கக் கலப்பு அவனுடைய மரணத்துக்குப்பின், இரண்டு தாய்மார்களிடையே, அரைகுறையாக நடக்கிறது. நாவல் முடியும் இடத்தைத் தாண்டிப் பல ஆண்டுகள் கழித்து சுஜாதா மனித உரிமைப் பணியில் ஈடுபட்டிருப்பதாகப் படம் காட்டுவது பார்வையாளருக்கு அளிக்கப்பட்ட ஆறுதலாகவே படுகிறது. நாவல் அத்தகைய ஆறுதலை மறுத்திருந்தது. அந்த மறுப்பே அதன் வலிமை.

ரித்விக் கட்டக்கின் ‘ஜுக்தி தக்கோ ஆர் கப்போ’ இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கும் படைப்பு. 1974இல் முடிக்கப்பட்டு, 1976இல் கட்டக் இறந்தபின் மறு ஆண்டில் வெளியான இப்படத்தில், குடியால் சிதைந்த அறிவாளி நீலகண்ட பாக்சியாக அவரே நடித்தார். மனைவி துர்கா மகனை அழைத்துக்கொண்டு பிரிந்துபோனபின், வேலையற்ற ஓர் இளைஞனும், கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த பங்கபாலா என்ற பெண்ணும், பிழைப்பிழந்த சமஸ்கிருத ஆசிரியர் ஒருவரும் நீலகண்டனோடு ஊர் ஊராக நடக்கிறார்கள். அந்த ஆசிரியராக வருபவரும் பிஜோன் பட்டாச்சார்யாவே. பயணத்தின் முடிவில், சால் மரக்காட்டில் ஓர் இரவு, ஆயுதமேந்திய நக்சல் இளைஞர்களின் நடுவில் நீலகண்டன் மாட்டிக்கொள்கிறான். அங்கே நடக்கும் உரையாடலைப் போன்ற ஒன்று இந்தியத் திரையில் அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்ததில்லை என்று சொல்லலாம். தான் கண்டவர்களுள் மிகச் சிறந்த பிள்ளைகள் அவர்களே என்று நீலகண்டன் சொல்கிறான். அவர்கள் வழி தவறியவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறான். தனக்கும் வழி தெரியவில்லை என்று அதே மூச்சில் ஒப்புக்கொள்கிறான். பொழுது விடியும்போது காவல்துறை சூழ்ந்துகொள்கிறது. விடிந்ததும் மகனைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று மனைவியிடம் கேட்டிருந்த நீலகண்டன், அச்சிறுவன் வந்துசேரும் நேரத்தில் குண்டு பாய்ந்து விழுகிறான். மானிக் பந்தோபாத்யாயின் சிறுகதையில் வரும் மதன் என்ற நெசவாளியை அவன் நினைவுகூர்கிறான். கந்துவட்டிக்காரனின் நூலை ஏற்க மறுத்த மதன், கை கால் மரத்துப்போகாமல் இருக்க வெறும் தறியை இரவெல்லாம் ஓட்டியவன்.

இப்படத்தை முதன்முறை பார்த்த இரவில் தேநீர்க் கடையில் வாதம் எழவில்லை. பின்வரிசைத் தோழர்களில் ஒருவர், தங்களை அப்படி உட்காரவைத்துப் பேச ஒரு பெரியவர் அன்று இருந்திருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னதாக இக்கட்டுரையாளருக்கு நினைவு. அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தலைமுறையின் தனிமை முழுவதும் அடங்கியிருந்தது. பெரியவர்கள் ஒன்று கட்டளையிட்டார்கள், அல்லது கைகழுவினார்கள். தோல்வியுற்ற ஒருவர் தன் தோல்வியை மறைக்காமல் இளைஞர்களின் எதிரே அமர்ந்து, அவர்களை நேசிக்கவும் மறுக்கவும் ஒரே நேரத்தில் துணிந்தது கட்டக்கின் அந்தக் காட்சியில் மட்டுமே.

கட்டக் அறுபதுகளின் நடுவில் சிறிது காலம் புனே திரைப்படக் கழகத்தில் கற்பித்தபோது அவரிடம் பயின்றவர்களுள் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒருவர். 1977இல் ‘அக்ரகாரத்தில் கழுதை’ படத்தைத் தமிழில் எடுத்ததன் வழியே தமிழர்கள் உரிமையோடு நினைக்கும் கலைஞராகவும் அவர் ஆனார். கோழிக்கோட்டைச் சார்ந்து இயங்கிய ஒடேசா என்ற குழு, சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களை ஊர் ஊராகக் காட்டி, மக்களிடம் சிறு தொகைகளைத் திரட்டி, அந்தப் பணத்தில் 1986இல் ஜானின் ‘அம்ம அறியான்’ படத்தைத் தயாரித்தது. தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் இல்லாமல் பார்வையாளரே முதலிட்டு எடுத்த படம் என்ற வகையில், அது பேசிய அரசியலை அதன் பொருளாதாரமும் பேசியது. கதை எளியது. தில்லிக்குப் புறப்பட்ட புருஷன் என்ற இளைஞன், தாய்க்குக் கடிதம் எழுதுவதாக வாக்களித்துவிட்டு வருகிறான். வழியில் தூக்கில் தொங்கிய ஒரு பிணத்தைக் காண்கிறான். அது காவல் வதைக்கு ஆளான முன்னாள் இயக்கத் தோழன், தபலா கலைஞன் ஹரி என்று அறிகிறான். வயநாட்டிலிருந்து கொச்சி வரை ஹரியின் நண்பர்களை ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டு ஹரியின் தாயிடம் செய்தி சொல்லப் போகிறார்கள். வழியில் கல்லுடைக்கும் தொழிலாளரின் போராட்டமும் மருத்துவ மாணவர்களின் போராட்டமும் ஆவணப்பட நடையில் குறுக்கிடுகின்றன. ஒவ்வொரு நண்பனும் தன் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவனுடைய தாயிடம் சொல்லிக்கொண்டே கிளம்புகிறான். ஒரு தாயிடம் செல்லும் பயணம் இவ்வாறு பல தாய்மார்களின் வாசல்களைக் கடந்தே நடக்கிறது. படம் முழுவதும் புருஷன் தன் தாய்க்கு எழுதும் அறிக்கையாகவே அமைந்தது. படத்தை எடுத்த மறு ஆண்டு, 1987இல், ஜான் இறந்தார்.

காவல் வதையால் பிள்ளையை இழந்த வீட்டின் இக்கதைக்குக் கேரளத்தில் உண்மையான ஒரு முன்கதை இருந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், காயண்ண காவல் நிலையம் தாக்கப்பட்டதை அடுத்து, 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் கைதுசெய்யப்பட்டு, கக்கயம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார், மீளவில்லை. அவருடைய தந்தை ஈச்சர வாரியர், சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவை 1977இல் தாக்கல் செய்தார்; அவ்வழக்கின் விளைவாக முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகனின் உடல் தந்தைக்குக் கிடைக்கவேயில்லை. ஷாஜி என். கருணின் ‘பிறவி’ இந்நிகழ்வின் பெயர்களைக் குறிப்பிடாமலே அந்தத் தந்தையின் காத்திருப்பைப் படமாக்கியது. பிரேம்ஜி நடித்த முதியவர் ஆற்றைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போவதும் திரும்புவதுமே பெரும்பாலும் கதை. மகன் திரையில் வருவதில்லை என்றே சொல்லலாம். அரசியல் உரையாடலும் மிகக் குறைவு. எனினும், அரசு ஓர் இளைஞனை என்ன செய்யக்கூடும் என்பதை அதைக் காட்டிலும் கடுமையாகக் குற்றம் சாட்டிய படம் அரிது.

சுதீர் மிஸ்ராவின் ‘ஹஜாரோன் க்வாயிஷேன் ஐசி’ 2005இல் திரையரங்குகளுக்கு வந்தபோது, அந்தக் காலம் தூரத்து நினைவாகியிருந்தது. தில்லிக் கல்லூரி நண்பர் மூவரின் காதலும் அரசியலும் பின்னிய அப்படத்தில் இளைஞர்கள் ஒருவரையொருவர் மட்டுமே பார்க்கிறார்கள். பீகாரின் கிராமத்துக்குப் போன தலைவன் சித்தார்த் இறுதியில் மருத்துவம் படிக்க இலண்டன் செல்ல, அவனை நம்பிப் போன கீதா கிராமத்திலேயே தங்கிவிடுகிறாள் என்ற முடிவு நேர்மையானது. ஆனால், அதை அடையும் வழியில் புரட்சி பெரும்பாலும் இளமையின் அழகாகவே காட்டப்படுகிறது.

தமிழ்த் திரையுலகம் இந்தப் பொருளை நெடுங்காலம் ஓரத்திலேயே தொட்டது. வெற்றிமாறனின் ‘விடுதலை’ 2023இலும் 2024இலும் இரண்டு பாகங்களாக வந்தபோது, ஆசிரியராக இருந்து மக்கள் படையின் தலைவரான பெருமாளின் வாழ்க்கை விரிவாகச் சொல்லப்பட்டது. இங்கும் இயக்கத்தவரே கதையின் கண்ணாக இல்லை. கடைநிலைக் காவலர் குமரேசனின் கண்ணால்தான் பார்வையாளர் அனைத்தையும் காண்கிறார். காட்டு வழியே அழைத்துச் செல்லப்படும் பெருமாள் தன் கதையைச் சொல்வதும் தன்னைக் கைதுசெய்த காவலர்களிடமே. வங்கப் படங்களில் வீடு கேட்ட செய்தியைத் தமிழில் அரசின் சீருடை அணிந்த ஏழை இளைஞன் கேட்கிறான்; வறுமையால் அந்தப் பக்கம் போனவனும் கொள்கையால் இந்தப் பக்கம் வந்தவரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டிருப்பதைப் படம் வெட்கமின்றி உணர்ச்சியோடு சொல்கிறது; அப்படிச் சொல்ல அதற்கு உரிமையும் உண்டு. குமரேசன் தான் கண்ட கொடுமைகளையெல்லாம் ஊரிலிருக்கும் தன் அம்மாவுக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறான். ஜானின் புருஷன் எழுதிய அறிக்கையும் இந்தக் காவலனின் கடிதமும் ஒரே முகவரிக்கே போகின்றன. ஆனால் தருமபுரியிலும் வட ஆர்க்காட்டிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் அந்தக் கடிதத்தைப் பெறுபவர்களாக இன்னும் தமிழ்த் திரையில் வரவில்லை. அவர்களைத் தேடிப் போகும் ஒரு படம் எடுக்கப்படவேண்டும், அவர்களில் எஞ்சியிருப்போர் உயிரோடிருக்கும்போதே எடுக்கப்படவேண்டும்.